‘புளிப்பு’ன்னு மட்டும் எழுதிட்டு வந்துடாதே!

பிரஸ்ஸல்ஸ் பீர் கடையில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்திருக்கும் தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

நீ போட்டோ எடுத்து அனுப்பின அலமாரி அட்டையெல்லாம் பார்த்தேன் பாப்பா. கையெழுத்து அழகு. ஆனா கிரீக்குக்கும் அதே வரி, ஃப்ராம்புவாஸுக்கும் அதே வரி, பெர்லினர் வைஸேவுக்கும் அதே வரி: “புளிப்பா, பழ வாசனையோட, புத்துணர்ச்சியா இருக்கும்.” இதைப் படிக்கிற மனுஷன் மூணுல எதை எடுப்பான்? விலை குறைஞ்சதை எடுப்பான். அதுக்கு அட்டையே வேண்டாம், விலைச்சீட்டு போதும்.

என் வேலையிடத்துல ஜூஸையும் தயிரையும் ருசி பார்த்துக் குறிப்பெழுதுறதுதான் பொழப்பு. பீருக்கும் அதே முறைதான். புளிப்பு பீர் ஒண்ணைக் குடிச்சா நாலு கேள்விக்குப் பதில் எழுது: என்ன புளிப்பு, அது எப்ப வந்து எப்பப் போகுது, பழம் எந்த நிலையில இருக்கு, விழுங்கினப்புறம் வாய் என்ன ஆகுது. இதுல ரெண்டுக்குப் பதில் கிடைச்சாலே அட்டை பிழைச்சுக்கும்.

(அம்மாகிட்ட ‘கடையில வேலை’ன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கே. நானும் அதுக்கு மேல வாயைத் திறக்கல.)

முதல்ல லேபிளைப் படி

நாக்குக்கு வேலை கொடுக்கிறதுக்கு முன்னாடி கண்ணுக்குக் கொடு. பழப் புளிப்பு பீர்னு ஒரே தட்டுல அடுக்கியிருக்கிறதெல்லாம் ஒரே வழியில பொறந்தது இல்ல. பொறந்த வழி தெரிஞ்சா எதைத் தேடணும்னு மூக்குக்குத் தெரியும்.

உன் ஊர்ச் சரக்கு லாம்பிக். பிரஸ்ஸல்ஸைச் சுத்தி இருக்கிற சென் ஆத்துப் பள்ளத்தாக்கும், அதுக்கு மேற்கே பாயோட்டன்லாண்டும்தான் அதோட பூர்வீகம். மால்ட் பண்ணின பார்லியோட, மால்ட் பண்ணாத கோதுமை மூணுல ஒரு பங்கு மாதிரி சேர்த்துக் காய்ச்சுவாங்க. ஹாப்ஸ் போடுவாங்க, ஆனா வருஷக்கணக்கா வச்சுப் பழசானதைப் போடுவாங்க. கசப்பு போயிடும், கெட்ட பாக்டீரியாவை அடக்குற குணம் மட்டும் நிக்கும். காய்ச்சினதை அகலமான, ஆழமில்லாத தொட்டியில ஊத்தி ராத்திரி முழுக்கத் திறந்து வச்சு ஆறவிடுவாங்க. யாரும் ஈஸ்ட் போடுறது கிடையாது. காத்துலயும் கூரையிலயும் மரப்பீப்பாயிலயும் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தானா வந்து வேலையைப் பார்க்கும். வெயில் காலத்துல வேண்டாத கிருமி அதிகம்ங்கிறதால அக்டோபர் கடைசியிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும்தான் காய்ச்சுவாங்க.

நம்பலேன்னா மிடி ஸ்டேஷன்லேர்ந்து நடக்கிற தூரத்துல ஆன்டர்லெக்ட்ல கான்டியோன் இருக்கு. 1900ல ஆரம்பிச்ச குடும்ப ஆலை. 1978லேர்ந்து அதையே மியூசியமாவும் திறந்து வச்சிருக்காங்க. மாடியில அந்தச் செம்புத் தொட்டியைப் பார்க்கலாம். பீப்பாய்க்கு நடுவுல இருக்கிற சிலந்தி வலையை அவங்க கலைக்க மாட்டாங்க. பழம் வந்தா பழ ஈ வரும், ஈயைச் சிலந்தி பிடிக்கும். உன் ரூமுக்கு இந்தச் சாக்கு செல்லாது.

பீப்பாயில ஊறின லாம்பிக்ல புளிப்புச் செர்ரி போட்டு மாசக்கணக்குல வச்சா கிரீக். ராஸ்பெர்ரி போட்டா ஃப்ராம்புவாஸ். ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மூணு வருஷம் ஆன லாம்பிக்கைக் கலந்து பாட்டில்லயே திரும்பப் புளிக்க வச்சா கூஸ். அதுல பழமே கிடையாது. ஆனாலும் கூஸ்ல எலுமிச்சை, பச்சை ஆப்பிள் எல்லாம் மூக்குக்குத் தெரியும். பழம் போட்டாத்தான் பழ வாசனைன்னு நினைச்சுடாதே.

இப்ப லேபிள்ல கவனிக்க வேண்டிய இடம்: ‘அவ்டே கிரீக்’, ‘அவ்டே கூஸ்’னு போட்டிருந்தா அது பழைய முறையில செஞ்சது, இனிப்பு சேர்க்காதது. ஐரோப்பிய யூனியன் பாதுகாப்பு கொடுத்திருக்கிற பேரு அது. ‘அவ்டே’ இல்லாம வெறும் கிரீக்னு இருந்தா இனிப்பு சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனா கான்டியோன் மாதிரி ‘அவ்டே’ங்கிற பேரைப் போடாமலே இனிப்பில்லாம செய்றவங்களும் உண்டு. அதனால பின்பக்கச் சேர்மானப் பட்டியலையும் பாரு. ஒரே ஆலை ரெண்டு விதமும் செய்யும். வ்லேசன்பேக்ல இருக்கிற லின்டமான்ஸ் போடுற வழக்கமான கிரீக் 3.5 சதவீத ஆல்கஹால், நல்ல இனிப்பு. அதே லின்டமான்ஸோட ‘கூவே ரெனே’ கிரீக் வறட்சியா, சுள்ளுன்னு இருக்கும். ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல அடுக்கி ஒரே மாதிரி அட்டை ஒட்டியிருக்கே பார், அதைத்தான் முதல்ல கிழிக்கணும்.

பெர்லினர் வைஸே ஜெர்மன்காரங்களோடது. 3 சதவீதம் மாதிரி ஆல்கஹால், கோதுமை, மோர் மாதிரி லேசான புளிப்பு. பெர்லின்ல அதுல ராஸ்பெர்ரி சிரப்போ, உட்ரஃப்ங்கிற மூலிகை சிரப்போ ஊத்திக் கொடுக்கிறது வழக்கம். லைப்ஸிக்ல குடிக்கிற கோஸேவுல உப்பும் கொத்தமல்லி விதையும் சேரும். கூஸையும் கோஸேவையும் போன்ல ஆர்டர் எடுக்கும்போது மாத்தி எழுதிடாதே. வாங்கினவர் திரும்பி வருவார்.

ஃப்ளான்டர்ஸ் சிவப்புன்னு ஒரு வகை இருக்கு. ரூஸலாரேவுல 1821லேர்ந்து இருக்கிற ரோடன்பாக் அதுக்குப் பேர் போனது. பெரிய பெரிய ஓக் மரத்தொட்டியில ரெண்டு வருஷம் ஊறினதையும் புதுசையும் கலப்பாங்க. பழமே போடாம செர்ரி, பிளம் வாசனை வரும், லேசா வினிகர் தொட்டுட்டுப் போகும்.

கடைசியா இந்தக் காலத்து வகை. பானையிலயே லாக்டிக் பாக்டீரியாவை விட்டு ஒண்ணு ரெண்டு நாள்ல புளிக்க வச்சு, கொதிக்க வச்சு பாக்டீரியாவைக் கொன்னுட்டு, சாதாரண ஈஸ்ட்ல நொதிக்க வச்சு, பழக் கூழ் கொட்டுறது. டின்ல பளபளன்னு மாம்பழப் படம் போட்டு வர்றது பெரும்பாலும் இதுதான். மட்டம்னு சொல்லல, வெயில்ல சில்லுனு குடிக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அதுல பீப்பாய் வாசனையையும், லாம்பிக்ல வர்ற தொழுவ வாசனையையும் தேடாதே, கிடைக்காது.

வாயைத் தயார் பண்ணு

காபி குடிச்சுட்டு வராதே. பல் தேய்ச்ச கையோட வராதே. ரூம் மேட் செஞ்ச மிளகாய்ச் சட்னி நாக்குல இருந்தா அன்னிக்கு விட்டுடு. தலைக்குத் தேங்காயெண்ணெய் வச்ச நாளும் வேண்டாம்; கிளாஸைத் தூக்கினா மூக்குக்கு முதல்ல உன் தலைதான் தெரியும்.

ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த உடனே ருசிக்காதே. ரொம்பச் சில்லுனு இருந்தா வாசனை எழும்பாது, புளிப்பு மட்டும் தனியா நின்னு வெட்டும். பழ லாம்பிக்கை 8 டிகிரி கிட்ட ஆரம்பிச்சு, கிளாஸ்லயே 12, 13 வரைக்கும் ஏறவிட்டு நடுநடுவுல குடிச்சுப் பாரு. செர்ரி மெல்ல மெல்ல மேல வர்றது தெரியும். பெர்லினர் வைஸேவை மட்டும் இன்னும் சில்லுனு ஆரம்பிக்கலாம்.

வாய் கொஞ்சம் குறுகின ஒயின் கிளாஸ் போதும். பேர் பொறிச்ச கிளாஸ்தான் வேணும்னு கடைக்காரர் சொல்லுவார், சொல்லட்டும். பாட்டிலைக் குலுக்காம சாய்ச்சு ஊத்து, அடியில படிஞ்சிருக்கிறது கலங்க வேண்டாம். கார்க் போட்ட பாட்டில்ல அழுத்தம் அதிகம். முகத்துக்கு நேரா வச்சுத் திறக்காதே. நுரை சீக்கிரம் அமுங்கினா பயப்படாதே. இந்த அமிலத்துல நுரை நிக்கிறது கஷ்டம், அதைக் குறைன்னு எழுதக்கூடாது. நிறத்தை மட்டும் குறிச்சு வை. புது கிரீக் மாணிக்கச் சிவப்பு. வருஷம் ஆக ஆகப் பழுப்பு ஏறும். இளஞ்சிவப்பா இருக்க வேண்டிய ஃப்ராம்புவாஸ் வெங்காயத்தோல் நிறத்துக்கு வந்திருந்தா பழம் போயிட்டு இருக்குன்னு அர்த்தம்.

மூக்கு சொல்றது வேற, நாக்கு சொல்றது வேற

அடுத்து நீ பண்ணப்போற தப்பு இதுதான். செர்ரி வாசனை வந்ததும் ‘இனிப்பான செர்ரி’ன்னு எழுதிடுவே. நல்லா யோசி. அவ்டே கிரீக்ல செர்ரியோட சர்க்கரையை ஈஸ்ட் எப்பவோ தின்னு முடிச்சாச்சு. மிச்சம் இருக்கிறது வாசனை, நிறம், அமிலம், தோலும் கொட்டையும் விட்ட துவர்ப்பு. மூக்குக்குப் பழம் தெரிஞ்சதும் மூளை தானா இனிப்பைச் சேர்த்துக்குது. சின்ன வயசுலேர்ந்து அந்த வாசனையும் சர்க்கரையும் ஒண்ணாவே வந்ததால வர்ற பழக்கம் அது.

சோதிக்க வழி இருக்கு. மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரு மடக்கு குடி. நாக்குக்கு என்ன தெரியுதோ அதுதான் ருசி: புளிப்பு, இனிப்பு, கசப்பு, உப்பு. அப்புறம் மூக்கை விடு. குபுக்குன்னு மேல வர்றதெல்லாம் வாசனை. பொத்தியிருக்கும்போது இனிப்பு தெரியலேன்னா ‘இனிப்பு’ங்கிற வார்த்தை அட்டைக்குப் போகக்கூடாது. ‘செர்ரி மணம், சர்க்கரை இல்லை’ன்னு எழுது. ஜூஸ் மாதிரி இருக்கும்னு நம்பி வாங்கினவர் முதல் மடக்குல முகத்தைச் சுளிக்கிறதை இப்படித்தான் தவிர்க்கலாம்.

இன்னொண்ணு. முதல் மடக்கை வச்சு எதுவும் எழுதாதே. வாய் அதிர்ச்சியில இருக்கும், எச்சில் ஊறி அமிலத்தை எதிர்கொள்ளத் தயாராகணும். ரெண்டாவது, மூணாவது மடக்குதான் கணக்கு. முதல் மடக்கில ‘அய்யோ’ன்னு இருந்த பீர் மூணாவதுல அடங்கிப் பழம் காட்டும். மூணாவதுலயும் ‘அய்யோ’ன்னா அதை அப்படியே எழுது.

எந்தப் புளிப்பு?

இதுலதான் நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்கு யாருக்கும் இல்லாத வசதி. தயிர், மோர், புளி, எலுமிச்சை, மாங்காய், நெல்லிக்காய், அரநெல்லி, களாக்காய், புளிச்சக்கீரைன்னு புளிப்பை இத்தனை விதமாத் தின்னு வளர்ந்த நாக்கு அது. அதை வச்சுக்கிட்டு ‘புளிப்பு’ன்னு ஒரே வார்த்தையில முடிக்கிறது அநியாயம்.

ஞாயித்துக்கிழமை சமையல்கட்டுல இதைப் பண்ணிப் பாரு. அஞ்சு கிளாஸ் தண்ணி. ஒண்ணுல கெட்டித்தயிரை வடிகட்டினா சொட்டுற தெளிந்த தண்ணி கொஞ்சம். அது லாக்டிக் அமிலம். ஒண்ணுல எலுமிச்சைச் சாறு சில துளி, சிட்ரிக். ஒண்ணுல புளிப்பான பச்சை ஆப்பிளைத் துருவிப் பிழி, மாலிக். ஒண்ணுல புளிக்கரைசல், டார்டாரிக். அஞ்சாவதுல வெள்ளை வினிகர் அரை ஸ்பூன், அசிட்டிக். எல்லாத்தையும் குடிக்கிற அளவுக்கு நீர்க்க வை. ஒவ்வொண்ணையும் வாயில வச்சு எங்க தெரியுது, எவ்வளவு நேரம் நிக்குதுன்னு மட்டும் எழுது.

எனக்குத் தெரியுறதைச் சொல்றேன், உனக்கு மாறலாம். லாக்டிக் நாக்கு முழுக்க மெத்துன்னு படரும், முனை கிடையாது. சிட்ரிக் சுருக்குன்னு முன்னாடியே வந்து சீக்கிரம் போயிடும். மாலிக் கன்னத்துக்கு உள்ளே, காதுக்குக் கீழ தாடையைச் சுண்டி இழுத்து அங்கேயே நிக்கும். டார்டாரிக் கொஞ்சம் கடினம், பல்லு கூசும். அசிட்டிக் நாக்குக்கு வர்றதுக்கு முன்னாடியே மூக்கைத் துளைக்கும், விழுங்கும்போது தொண்டையில லேசா எரியும்.

இப்ப பீருக்கு வா. பானையில புளிக்க வச்ச டின் சரக்கு பெரும்பாலும் லாக்டிக் ஒண்ணே ஒண்ணு. அதான் தயிர்த்தண்ணி மாதிரி சுத்தமா, ஒரே குரல்ல இருக்கும். மேல போட்ட பழம் தன் பங்குக்குக் கொண்டு வரும்: செர்ரியும் ஏப்ரிகாட்டும்னா மாலிக், ராஸ்பெர்ரின்னா சிட்ரிக், திராட்சைன்னா டார்டாரிக். லாம்பிக்ல லாக்டிக் அடித்தளம், ஓரத்துல அசிட்டிக் ஒரு கீத்து, பழம் போட்டிருந்தா அதோடது. ஃப்ளான்டர்ஸ் சிவப்புல அசிட்டிக் கொஞ்சம் தூக்கலாவே இருக்கும். அளவுக்குள்ள இருந்தா அழகு. ஊறுகாய் பாட்டிலைத் திறந்த மாதிரி அடிச்சா குறை.

கடையில யாராவது பிஹெச் எண்ணைச் சொல்லி மிரட்டினா தலையாட்டிட்டு வா. சாதாரண லாகர் 4.2லேர்ந்து 4.5 வரை, லாம்பிக் 3.3, 3.4ன்னு நிக்கும். ஆனா ஒரே பிஹெச்ல ரெண்டு பீர் ரெண்டு விதமாப் புளிக்கும். எந்த அமிலம், எவ்வளவு இருக்கு, கூடச் சர்க்கரை எவ்வளவுங்கிறதுதான் வாய்க்குத் தெரியுறது.

ஒரு விஷயத்துல ஜாக்கிரதை. அரநெல்லியும் களாக்காயும் உன் நோட்டுப் புத்தகத்துக்கு. அதுல தமிழ்லயே எழுது, நாக்குக்குத் தோணினதை அப்படியே எழுது. அட்டைக்கு மாத்தும்போது வர்றவங்களுக்குத் தெரிஞ்ச பழமா மாத்தணும். அங்கே இருக்கிறவங்க வாயில ருபார்ப், சிவப்புக் கரன்ட், பச்சை ஆப்பிள், சர்க்கரை போடாத தயிர் எல்லாம் இருக்கு. அதையெல்லாம் வாங்கித் தின்னு பார்த்துக்கோ. தின்னாத பழத்தோட பேரைக் காப்பியடிச்சு எழுதினா படிக்கிறவங்களுக்கு எப்படியோ தெரிஞ்சுடும்.

பழம்னா எந்தப் பழம், எந்த நிலையில?

‘செர்ரி’ன்னு எழுதினா பாதிதான் எழுதியிருக்கே. பறிச்ச செர்ரியா, கொதிச்ச செர்ரியா, ஜாமா, காய்ஞ்சதா, தோலா, கொட்டையா? கொட்டையோட ஊற வச்ச கிரீக்ல லேசா பாதாம் வாசனை வரும். பென்ஸால்டிஹைடுன்னு ஒரு பொருள், செர்ரிக் கொட்டையிலயும் கசப்பு பாதாம்லயும் ஒண்ணேதான். இது தெரியாம ‘பாதாம் எசென்ஸ் கலந்திருக்காங்க’ன்னு புகார் சொல்ல ஒருத்தர் வருவார், நீ பதில் வச்சிரு. அந்தக் காலத்துல கிரீக்குக்குப் போனது பிரஸ்ஸல்ஸை ஒட்டியிருக்கிற ஸ்கார்பேக் பக்கத்துச் செர்ரி. சின்னது, கருஞ்சிவப்பு, புளிப்பு. ஜூலையில மார்க்கெட்ல புளிப்புச் செர்ரி கண்ணுல பட்டா விடாதே. சூப்பர்மார்க்கெட்ல டப்பாவில வர்ற இனிப்புச் செர்ரி வேற ஜாதி. அதை நினைச்சுக்கிட்டு கிரீக் குடிச்சா கிரீக் மேலதான் பழி விழும்.

ராஸ்பெர்ரியில வேற கூத்து. அதோட மணத்துல பீட்டா அயனோன்னு ஒரு பொருள் உண்டு, வயலெட் பூ வாசனை. அதை முகர்ற சக்தி மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் பெரிசா மாறும். ஒருத்தருக்குப் பூ வாசனை தூக்கலாத் தெரியும். பக்கத்துல நிக்கிறவருக்கு சுத்தமாத் தெரியாது. ரெண்டு பேருமே பொய் சொல்லல. அதனால ஃப்ராம்புவாஸ் அட்டையை எழுதுறதுக்கு முன்னாடி இன்னொருத்தர் மூக்கையும் கடன் வாங்கிக்கோ.

ராஸ்பெர்ரி மணம் சீக்கிரம் மங்கும். கூஸை வருஷக்கணக்குல படுக்க வைக்கலாம், மெருகு ஏறும். ஃப்ராம்புவாஸை அப்படி வச்சா பழம் போய், விதையோட மரக்கட்டைத் துவர்ப்புதான் மிஞ்சும். கான்டியோனோட ராஸ்பெர்ரி பீர் ‘ரோஸே த காம்ப்ரினுஸ்’ கைக்கு வந்தா சேர்த்து வைக்காதே, குடிச்சுடு. பாட்டில்ல அடைச்ச தேதியை அட்டையோட மூலையில எழுதுற பழக்கம் வச்சுக்கோ.

தொழுவ வாசனையை என்ன பண்றது?

லாம்பிக் கிளாஸைத் தூக்கினதும் ஈரச் சாக்கு, வைக்கோல், குதிரை லாயம், தோல் செருப்பு மாதிரி ஒண்ணு வருமே, அது கெட்டுப்போன வாசனை இல்ல. ப்ரெட்டனோமைசிஸ்னு ஒரு ஈஸ்ட் பண்ற வேலை. 1904ல கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்துல கிளாஸன்ங்கிறவர் இங்கிலீஷ் பீர்லேர்ந்து பிரிச்சு அதுக்குப் பேர் வச்சார். உங்க ஊர்ல இருக்கிற வகைக்கு பிரஸ்ஸல்ஸ் பேரே ஒட்டிக்கிச்சு, ப்ரெட்டனோமைசிஸ் ப்ருக்ஸெலென்ஸிஸ்னு. அதே ஈஸ்ட்தான் சில சமயம் அன்னாசி வாசனையும் தரும்.

அட்டையில ‘குதிரை’ன்னு எழுதலாமான்னு கேட்டிருந்தே. ரசிகர்களுக்கு எழுதலாம், தேடி வந்து வாங்குவாங்க. புதுசா வர்றவங்களுக்கு ‘வைக்கோல், ஈர மண், தோல்’னு எழுது. பொய்யும் இல்ல, பயமும் இல்ல. ‘விநோதமான மணம்’னு மட்டும் எழுதாதே, ஒண்ணுமே சொல்லாத வார்த்தை அது.

உண்மையான குறையும் உண்டு. நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை, குழந்தை கக்கின பால் வாடை, தாங்க முடியாத வினிகர் இருந்தா எழுதாதே, பாட்டிலை ஓரமா வச்சு முதலாளியைக் கூப்பிடு. ஒண்ணு மட்டும் கள்ளத்தனமா வரும். குடிக்கும்போது எதுவும் தெரியாது. விழுங்கிக் கொஞ்ச நேரம் கழிச்சு நாக்கோட பின்பக்கம் எலிப்பொந்து மாதிரி, நமுத்துப்போன பொரி மாதிரி ஒரு ருசி ஏறும். அந்த ருசியைத் தர்ற பொருள் அமிலத்துல மேல எழும்பாது. எச்சில் கலந்து அமிலம் தணிஞ்சப்புறம்தான் மணக்கும். அதனால அவசரப்பட்டு அடுத்த மடக்குக்குப் போகாதே. அரை நிமிஷம் சும்மா இரு. சிலருக்கு இது தெரியவே தெரியாது, அதுக்கும் தயாரா இரு.

விழுங்கினப்புறம்

வாய் ஊறுதா, வறண்டு போகுதா? புளிப்புன்னா ஊறும், துவர்ப்புன்னா வறளும். நெல்லிக்காய் தின்னவளுக்கு இதைத் தனியாச் சொல்லித்தர வேண்டாம். நல்ல கிரீக்ல ரெண்டும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரும். ஓக் பீப்பாயும் செர்ரித் தோலும் துவர்ப்பு தரும். குமிழியையும் எழுது: ஊசி மாதிரி குத்துதா, மெல்லிசாப் பொரியுதா, குமிழியே இல்லாம தட்டையா இருக்கா.

ஒரே நாள்ல நிறைய ருசிச்சா வரிசை முக்கியம். புளிப்பு குறைஞ்சதுலேர்ந்து கூடினதுக்குப் போ. சர்க்கரை சேர்த்ததைக் கடைசிக்குத் தள்ளு. இனிப்புக்கு அப்புறம் அவ்டே கிரீக் குடிச்சா பாவம், அது வினிகர் மாதிரி தெரியும். நடுவுல தண்ணி, உப்பில்லாத ரொட்டி. ஒரு பீருக்கு அம்பது மில்லி தாராளம். துப்புறதுக்கு ஒரு கிண்ணம் வச்சுக்க வெட்கப்படாதே. 6 சதவீதம்னாலும் ஆல்கஹால் ஆல்கஹால்தான், வேலை முடிஞ்சு சைக்கிள்ல வீட்டுக்குப் போகணும் நீ.

சாப்பாட்டோட வேணும்னா பிரஸ்ஸல்ஸ்காரங்க பண்றதையே பண்ணு. ரொட்டித் துண்டுல ‘ப்ளாட்டகாஸ்’ங்கிற வெள்ளைப் பாலாடைக்கட்டியைத் தடவி, மேல முள்ளங்கி, வெங்காயத்தாள். கூஸுக்கும் கிரீக்குக்கும் இதைவிடப் பொருத்தம் நான் பார்க்கல. பாலாடைக்கட்டியோட கொழுப்பு புளிப்பை மழுக்கும், முள்ளங்கிக் காரம் திரும்பத் தூக்கிவிடும்.

இப்படி எழுதிப் பாரு

இனிப்பு சேர்க்காத கிரீக்குக்கு: “செர்ரியும் லேசா பாதாமும் மணக்கும். பச்சை ஆப்பிள் புளிப்பு, தாடையில நிக்கும். சர்க்கரை கிடையாது. முடிவுல செர்ரித் தோலோட துவர்ப்பு. சிவப்பு ஒயின் பிடிச்சவங்களுக்கு; ஜூஸ் தேடுறவங்க பக்கத்துப் பாட்டிலை எடுக்கவும்.”

பக்கத்துப் பாட்டிலான இனிப்பு கிரீக்குக்கு: “செர்ரி ஜாம். முதல்ல இனிப்பு, பின்னால கொஞ்சம் புளிப்பு. ஆல்கஹால் குறைவு. சாக்லேட் கேக்கோட நல்லா இருக்கும்.” இதை இளக்காரமா எழுதாதே. தெரிஞ்சே அதை விரும்பி வாங்குறவங்க உன் கடை வாடகையில பாதியைக் கட்டுறாங்க.

பெர்லினர் வைஸேவுக்கு: “தயிர்த்தண்ணி மாதிரி மெல்லிய புளிப்பு, ரொட்டி மாவு மணம், நிறைய குமிழி. சட்டுன்னு வந்து சட்டுன்னு போயிடும். மத்தியான வெயிலுக்கு.”

மூணுக்கும் ஒரு வரி கூடப் பொதுவா இல்ல, கவனிச்சியா? ‘புத்துணர்ச்சி’, ‘அருமை’, ‘தனித்துவம்’ மூணையும் தூக்கிட்டேன். அதுக்குப் பதிலா யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காதுன்னு ஒரு வரி சேர்த்தேன். பிடிக்காதுன்னு எழுதினா முதலாளி திட்டுவார்னு பயமா இருந்தா, பிடிக்காதவங்களுக்கு எந்த பாட்டில்னு அம்புக்குறி போட்டுடு. ரெண்டு பாட்டிலும் அவரோடதுதானே.

ருசிச்ச அன்னிக்கே எழுது, அடுத்த நாளைக்குத் தள்ளாதே. எழுதி முடிச்சதும் லேபிளைப் பார்க்காத ஒருத்தர்கிட்ட அட்டையைக் கொடுத்து, மூணு கிளாஸ்ல எது இதுன்னு கேளு. சரியா எடுத்தா ஒட்டு. தப்பா எடுத்தா அவர் எந்த வார்த்தையை நம்பி எடுத்தார்னு கேட்டு, அந்த வார்த்தையை மாத்து.

அப்புறம், பல்லு. இவ்வளவு அமிலம் பட்டதும் எனாமல் கொஞ்சம் இளகியிருக்கும். ருசிச்சு முடிச்சதும் வெறும் தண்ணியில கொப்பளி. பிரஷ்ஷை ஒரு மணி நேரம் கழிச்சுத் தொடு.